வெயில் மட்டுமா தமிழ்நாடு? காற்றையும் விதைப்புப் பட்டத்தையும் ஓய்வையும் பற்றி

பள்ளத்தாக்கு விவசாயி எழுதியது:

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தமிழ்நாட்டில் இருப்பவை கோடை, கடுங்கோடை, அக்கினி நட்சத்திரம் என்ற மூன்று பருவங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அதைச் சொன்னது ஆனி மாதத்து மாலை ஒன்றில், எங்கள் வீட்டுத் திண்ணையில், தோளைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு. மேற்கு மலையின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது; சாரல் சாய்வாக வந்து திண்ணையின் பாதியை நனைத்திருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு குவளைத் தேநீர் மட்டும் கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, இங்கேயே திராட்சையும் கொஞ்சம் நெல்லும் பயிரிட்டு வருபவன். நம் மாநிலத்தில் ஆண்டைக் காற்றின் திசையை வைத்து எண்ண வேண்டும் என்பது என் எண்ணம். வெப்பமானியை வைத்து எண்ணினால் உறவினர் சொன்ன கணக்குத்தான் வரும். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்தவர்கள் பொழுதுபோகாமல் வைத்திருக்க மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிக்கொள்வதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குக் கிடைப்பது ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பாதியளவு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து வருகிறது. நாட்டின் பெரும்பகுதி குடையை மடக்கி வைக்கும்போது நாம் விரிக்கிறோம்.

மலையிலும் வாசல்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று உள்ளே புகுகிறது. ஜூலை மாதக் கோயம்புத்தூரின் குளுமையும், குற்றாலத்தின் சாரலும், முப்பந்தலில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளும் அந்த வாசல்களின் கொடைதான். எங்கள் பகுதியில் அந்த வேறுபாட்டை ஒரே பயணத்தில் பார்க்கலாம். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் பேருந்தில், மேலே கண்ணாடியை மூடிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டங்களின் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அடிவாரம் வருவதற்குள் மாமரங்களின் நடுவே எல்லாக் கண்ணாடிகளையும் திறந்துவிடுவார்கள்.

திராட்சையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கடுங்குளிர் இல்லாததால் எங்கள் கொடிகள் உறங்குவதில்லை. கவாத்து செய்த, அதாவது கொடியை வெட்டிவிட்ட, நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம் தயாராகிவிடும் என்பதால், எந்த மாதம் பழம் வேண்டும் என்பதை விவசாயி கவாத்துக் கத்தரியால் முடிவு செய்கிறான். ஒரு பந்தலில் குலைகள் கறுத்துத் தொங்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பந்தலில் தளிர் விடும். எதிரி ஒன்றே ஒன்றுதான்: பழம் நிறம் பிடிக்கும் நேரத்தில் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் தோல் வெடித்துவிடும், பிறகு குலையைத் தேனீக்களுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

உங்கள் பகுதியில் ஆண்டின் சிறந்த நாட்கள் எவை, அப்போது நிலத்தில் என்ன நடக்கும், மக்கள் எப்படிப் பொழுதைக் கழிப்பார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

கடற்கரைவாசி எழுதியது:

விவசாயி ஐயாவுக்கு வணக்கம். மலையடிவாரத்தில் அமர்ந்துகொண்டு சாரலைப் பற்றி எழுதுவது எளிது. நான் சென்னையில் வாழ்பவள். உங்கள் உறவினர் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். மே மாதம் 4-ஆம் தேதி கத்திரி தொடங்கினால், இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது.

ஆனாலும் காற்றை வைத்து எண்ண வேண்டும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த நகரத்தில் கோடை நாளின் தலையெழுத்தை எழுதுவது கடற்காற்றுதான். தரை சூடேறியதும் நண்பகல் வாக்கில் கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும். மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது கரையோரத்திலேயே தடுக்கப்பட்டு, பிற்பகல் மூன்று மணி வரை வந்து சேராது. அன்றுதான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். என் தாயார் செய்திகளைப் பார்ப்பதில்லை. மாடியில் காயும் புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, வடகம் பிழியலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

எங்கள் சிறந்த நாட்கள் மார்கழியிலும் தையிலும் வருகின்றன. அப்போது குடும்பத்தோடு வேடந்தாங்கல் செல்வது எங்கள் வழக்கம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதால் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகும் எங்களுக்கு அது சரணாலயம், அவர்களுக்கு அது பாசன ஏரி. இந்த உரையாடல் இழையின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

குறுவை எழுதியது:

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இழையைத் தொடங்கியவர் நம் மாநிலத்தின் காற்றைப் போற்றினார். எனக்கு அதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. காவிரி டெல்டாவின் முதல் போகமான குறுவைக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. எங்கள் வானம் நீலமாக இருக்கும் ஜூன் மாதத்தில், வேறெங்கோ பெய்ததை நம்பி நாங்கள் நாற்றங்கால் தயாரிக்கிறோம். ஆகவே எங்கள் பருவநிலையின் பாதி மாநில எல்லைக்கு வெளியே இருக்கிறது.

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. பிடிக்கும். ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட வேண்டும் என்பது மரபு. ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு தேதிகளுக்கும் இடையே இருப்பது இரண்டு மாதங்கள். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் அந்த இரண்டு மாதத்தைச் சமாளித்துவிடுவார்; ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியவருக்குக் குறுவை என்ற சொல்லே அந்த ஆண்டு அகராதியிலிருந்து நீங்கிவிடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்கிறேன். தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஏழு, எட்டு நாட்களுக்கு முன்பு, நிற்கும் கதிர்களுக்கு இடையிலேயே உளுந்தை விதைப்போம். மண் அப்போது மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்: கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. அந்த இரண்டு மூன்று நாட்களைத் தவறவிட்டால் விதை ஒன்று அழுகும் அல்லது மேலேயே காய்ந்துவிடும். அறுவடைக்கு ஆட்கள் இறங்கும்போது நெல்தாளின் அடியில் இரண்டிலை விட்ட உளுந்து தெரியும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பின்பனியும்தான் அதை வளர்க்கின்றன. விடியற்காலையில் அந்த வயலுக்குள் நடந்தால் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிடும். "தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைப் பிளக்கும்" என்று சொல்லிப் பெரியவர்கள் நடுங்கினாலும், அந்தப் பனி இல்லாவிட்டால் எங்களுக்கு இட்லிக்கு உளுந்து இல்லை. இயந்திர அறுவடை வந்த பிறகு இளம்பயிர் சக்கரத்தில் நசுங்குகிறது என்பதால் பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். நான் ஒன்றரை ஏக்கரில் இன்னும் விடாமல் செய்கிறேன்.

ஓய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடிப்பெருக்கு அன்று கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரையில் அமர்வதுதான் எங்கள் பெரிய சுற்றுலா. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் அடிபம்புக்குப் படையல் வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

கரிசல்மண் எழுதியது:

அணையும் வாய்க்காலும் உள்ளவர்கள் பேசி முடித்ததும் எங்கள் முறை வரும் என்று காத்திருந்தேன். விளாத்திகுளம் வட்டாரத்தில் எங்களுக்கு இருப்பது வானம் மட்டும்தான். பருவநிலையைப் பற்றிப் பேச அதிக உரிமை உள்ளவர்கள் மானாவாரி விவசாயிகள்தான் என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இடையில் வேறு யாரும் இல்லை.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் பட்டம் புரட்டாசி. மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் உளுந்தையும் பாசிப்பயறையும் மக்காச்சோளத்தையும் கம்பையும் விதைத்துவிட்டு, கிழக்கே பார்த்துக்கொண்டிருப்போம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்க வேண்டும். அதற்கு முன்பு ஒரு தூற்றல் மட்டும் வந்து நின்றுவிட்டால் முளைத்தது கருகிவிடும். மறுவிதைப்புக்கு மீண்டும் விதை வாங்க வேண்டும். ஆனால் ஒரு முறை முழுமையாக நனைந்துவிட்டால், கரிசல் ஈரத்தை விட்டுக்கொடுக்காது. கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த அதே மண், பருகிய நீரை வைத்துக்கொண்டு தை வரை பயிரைக் காப்பாற்றும்.

வெறும் புகழுரையாக முடிந்துவிடக்கூடாது என்பதற்காக இதையும் பதிவு செய்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் எங்கள் மாவட்டம் எதிர்பார்க்கும் மழையைவிட அது அதிகம். மழைக்காக ஏங்கும் எங்கள் ஊரில், முதன்முறையாக மழை நிற்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டினோம். மக்காச்சோளத்துக்குப் படைப்புழு ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம் என்பதைத் தனி இழையில் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் நல்ல நாள் எது என்றால், முதல் மழைக்கு மறுநாள் காலை. அன்று கரிசலில் யாரும் நடக்க முடியாது. செருப்பில் ஒட்டும் மண் ஒவ்வோர் அடிக்கும் ஒரு விரற்கடை ஏறிக்கொண்டே போகும். வேலை இல்லாததால் ஊரே டீக்கடையில் இருக்கும். எங்களுடைய ஓய்வு அதுதான்.

மலைச்சரிவு எழுதியது:

கோத்தகிரியிலிருந்து ஒரு தேயிலை விவசாயி. இந்த மாநிலத்தின் பருவநிலை எத்தனை அடுக்குகளைக் கொண்டது என்பதை யாருக்காவது காட்ட வேண்டுமானால் நான் அவரை மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் ஏற்றிவிடுவேன். 46 கி.மீ. தொலைவுதான். சுமார் 330 மீட்டர் உயரத்தில் பாக்குத்தோப்புகளின் புழுக்கத்தில் புறப்படும் வண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, தேயிலைச் சரிவுகளைக் கடந்து, கேத்திப் பள்ளத்தாக்கின் காரட் பாத்திகளைத் தாண்டி, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உதகையில் நிற்கும். 1908 முதல் உதகைக்கு ஓடும் இந்தப் பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கால்சட்டைச் சிறுவர்களாக ஏறியவர்கள் கம்பளிச் சட்டையோடு இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு காற்றுகளும் எல்லை பிரித்துக்கொள்கின்றன. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில் நனைகிறது. குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் நனைகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் மழை பெய்தபோது எங்கள் ஊரில் வழக்கம்போல் கொழுந்து பறித்தோம். மார்கழியில் உறைபனி வந்தால் நிலைமை வேறு. வெயில் ஏறுவதற்குள் செடியின் மேல் நீர் தெளித்து உறைபனியைக் கரைத்துவிட வேண்டும்; தவறினால் கொழுந்து தீய்ந்தது போலக் கருகிவிடும்.

பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. உங்கள் ஓய்வுக்காலம் எங்களுக்கு வேலைக்காலம். சித்திரையில் காய்கறி ஏற்றிய வண்டி மலைப்பாதையில் நான்கு மணி நேரம் நெரிசலில் நின்று, மூட்டையில் இருந்த பீன்ஸ் வெந்துபோய், மேட்டுப்பாளையம் மண்டியில் பாதி விலைக்குப் போனதை நானே அனுபவித்திருக்கிறேன். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி வழக்கம் வந்தது. அதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த பீன்ஸ் மூட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைவாசி எழுதியது:

சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

சிவகங்கைச் சீமையிலிருந்து எழுதுகிறேன். மலைச்சரிவு அவர்களின் மனக்குறை நியாயமானது. ஆனால் ஓய்வு என்றாலே வேறோர் ஊருக்குப் போவது என்று இருவருமே எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் பருவமும் உழவும் சேர்ந்து தாமாகவே ஒரு விளையாட்டை நடத்தி வைக்கின்றன. அதற்கு அழிகண்மாய் என்று பெயர்.

ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் கண்மாய், மடை வழியாக வயலுக்குப் பாய்ந்து, அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் முழங்கால் ஆழத்துக்கு வற்றிவிடும். அப்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா போட்டார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முந்தைய இரவே வந்து கரையில் படுத்துக்கொள்பவர்களும் உண்டு. விடிந்ததும் காவல் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு ஒரு பெரியவர் கரைமீது நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடியே ஆண், பெண், சிறுவர் என ஆயிரக்கணக்கானோர் ஊத்தா, கச்சா, வலை, சிலர் வெறும் சேலைத் துணி என்று கிடைத்ததோடு தண்ணீருக்குள் பாய்வார்கள்.

ஊத்தாவைப் பார்த்திராதவர்களுக்கு: அது மூங்கில் குச்சிகளால் கட்டிய, அடிப்பாகம் இல்லாத கூடை. கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். கலங்கிய நீரில் அதை அமுக்கி, உள்ளே ஏதாவது மோதுகிறதா என்று குச்சிகளில் வைத்த விரல்களால் உணர வேண்டும். மோதினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு விராலைச் செவுளோடு பிடிக்க வேண்டும். கெளுத்தி என்றால் அதன் முள் முதலில் உங்களைப் பிடித்துவிடும். பிடித்த மீன் பிடித்தவருக்கே. ஊர், சாதி, கட்டணம் எதுவும் கேட்கப்படுவதில்லை என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அன்று எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசம்தான். மீன்பிடித்தால் அடுத்த ஆண்டு கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை. அதற்குப் பிறகு வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது நம்பிக்கை அல்ல, உரச்செலவைக் குறைக்கும் கணக்கு.

மாநிலம் முழுவதும் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. எங்கள் பக்கம் அவற்றில் பலவற்றைச் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது. இதே மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கிறார்கள். வேடந்தாங்கலைப் பார்த்த கடற்கரைவாசி அம்மா ஒரு முறை இங்கும் வர வேண்டும்.

நாஞ்சில் எழுதியது:

இரண்டு மழையும் முழுமையாகக் கிடைக்கும் கன்னியாகுமரியை யாரும் குறிப்பிடாததால் நானே குறிப்பிட்டுக்கொள்கிறேன். மேல்காற்றின் மழையில் கன்னிப்பூ, கொண்டலின் மழையில் கும்பப்பூ என்று நெல்லுக்கு நாங்கள் வைத்த பெயர்களே தனி. ஒரே மாவட்டத்தில் ரப்பரும் தோவாளைப் பூவும் மட்டி வாழையும் விளைகின்றன. மட்டிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு அம்மி பறக்கும் என்ற பழமொழி மிகையாகத் தோன்றாது.

பள்ளத்தாக்கு விவசாயி எழுதியது:

குறுவை அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன், அதிலும் எனக்குக் கூடுதல் கடமை உண்டு. என் நெல்லுக்குப் பாயும் தண்ணீரும் மலைக்கு அப்பால் பெய்ததுதான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே போக இருந்த நீர் சுரங்கவழியாகக் கிழக்கே திரும்பியிராவிட்டால், ஜூன் மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்று நட முடியாது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரை எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு வைப்பது அதனால்தான். காற்றைப் போற்றி எழுதத் தொடங்கிய நான், மலையைக் குடைந்தவர்களையும் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கரிசல்மண் அவர்கள் சொன்ன டீக்கடை ஓய்வும், கண்மாய்க்கரை அவர்கள் சொன்ன அழிகண்மாயும், நான் கேட்ட கேள்விக்கு நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விடைகள். நான் குற்றாலத்தையும் சுருளியையும் எதிர்பார்த்திருந்தேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் திராட்சைத் தோட்டம் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டு முழுவதும் பழம் உண்டு என்ற பொருளில் நான் எழுதியது பள்ளத்தாக்கு முழுமைக்கும் பொருந்தும், என் தோட்டத்துக்குப் பொருந்தாது. ஐப்பசி மழைக்குப் பயந்து நான் கார்த்திகையில்தான் கவாத்து செய்யப்போகிறேன்; பங்குனியில் குலை தயாராகும். இடையில் வந்தால் கல்தூண்களையும் கம்பியையும் இலையையும்தான் காட்ட முடியும். பங்குனியில் வருபவர்கள் காலை ஏழு மணிக்குள் தோட்டத்துக்கு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு, உறவினர் சொன்ன அந்த மூன்று பருவங்களில் முதலாவது தொடங்கிவிடும்.